கன்சோல் விலை: ரிபேட்டா, நேரடிக் குறைப்பா? சில கேள்விகள், பதில்கள்

கன்சோல், அதாவது வீடியோ கேம் ஆடும் பெட்டி, அதன் விலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். எல்லாமே அமெரிக்கச் சந்தைக் கதைகள். ரிபேட் கூத்து அதிகம் நடந்தது அங்கேதான்.

மெயில்-இன் ரிபேட் என்றால் என்ன சார்? நம்ம கேஷ்பேக் மாதிரியா?

கேஷ்பேக்குக்குப் பெரியப்பா முறை. கடையில் முழு விலையையும் கட்டிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து, அட்டைப்பெட்டியில் பார்கோடு இருக்கும் துண்டைக் கத்தரித்து, பில், படிவத்தோடு கவரில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆறேழு வாரம் கழித்து செக் வரும். கெடு தாண்டினாலோ, பார்கோடுக்குப் பதில் ஜெராக்ஸ் வைத்தாலோ காசு கிடையாது. பெட்டியை வெட்டிய பிறகு பல கடைகளில் பொருளைத் திருப்பித் தரவும் முடியாது.

நான் கணக்கு வேலையில் இருக்கிறேன். 50 டாலர் குறைத்தாலும் 50 டாலர் ரிபேட் கொடுத்தாலும் கம்பெனிக்கு ஒரே செலவுதானே?

இல்லவே இல்லை. பேச்சுக்கு ஒரு லட்சம் கன்சோல் விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்தால் 50 லட்சம் டாலர் போச்சு. ரிபேட் என்றால், நூற்றுக்கு நாற்பது பேர்தான் கவர் அனுப்பினார்கள் என்றால், 20 லட்சத்தோடு முடிந்தது. மறதியும் சோம்பலும்தான் இந்தத் திட்டத்தின் மூலதனம்.

இன்னொன்று வெளியே தெரியாது. விலையைக் குறைக்கும்போது கடைக்காரர் பழைய விலைக்கு வாங்கி அடுக்கியிருக்கும் ஸ்டாக்குக்கும் வித்தியாசத்தைக் கம்பெனி ஈடுகட்டுவது வழக்கம். ரிபேட்டில் அந்தத் தொல்லை இல்லை. கெடு முடிந்ததும் பழைய விலை தானாகத் திரும்பிவிடும். ஒரு தடவை இறக்கிய விலையை மறுபடி ஏற்றினால் வாங்க வருபவர் சும்மா இருப்பாரா?

அப்படியென்றால் ரிபேட் கொடுப்பதுதானே கெட்டிக்காரத்தனம்?

பிரிண்டர், ரௌட்டர் விற்பவருக்குச் சரி. கன்சோலில் லாபம் பெட்டியில் இல்லை. பிறகு விற்கும் ஒவ்வொரு கேமிலும் வரும் பங்கில்தான் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் எத்தனை வீட்டுக்குள் நுழைகிறோம் என்பதே கணக்கு. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்கு வாங்க வரும் அம்மா, அலமாரியில் ஒட்டியிருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார். இரண்டு மாதம் கழித்து வரப்போகும் செக்கை அல்ல.

2002 மே மாதம் சோனி பிளேஸ்டேஷன் 2-ஐ 299 டாலரிலிருந்து 199-க்கு இறக்கியது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸையும் அதே 199-க்குக் கொண்டுவந்தது. கவர், பார்கோடு என்று யாரும் பேசவில்லை. 2003 செப்டம்பரில் நின்டெண்டோ கேம்கியூபை 99 டாலராக்கியதும் தேங்கிக் கிடந்த விற்பனை சட்டென்று ஏறியது.

ரிபேட்டை அடியோடு ஒதுக்கினார்கள் என்றும் இல்லை. 2009-ல் எக்ஸ்பாக்ஸ் 360 எலீட்டை 399-லிருந்து 299-க்குக் குறைத்ததற்கு மேல் மைக்ரோசாஃப்ட் 50 டாலர் ரிபேட்டும் கொடுத்தது. முதலில் குறைப்பு, அப்புறம்தான் ரிபேட், ஊறுகாய் அளவுக்கு.

ரிபேட் அடிதடியாக நடந்த காலம் ஒன்று உண்டாமே?

1982-83, வீட்டுக் கணினிகளில். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் டிஐ-99/4ஏ வீட்டுக் கணினிக்கு 100 டாலர் ரிபேட் அறிவித்தது. போட்டிக் கம்பெனியான கமடோர் தன் கணினி விலையை வெட்டிக்கொண்டே வந்தது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் துரத்தியது. 1983 அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கணினித் தொழிலையே விட்டது.

கமடோர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. பழைய வீடியோ கேம் கன்சோலோ கணினியோ எதையாவது கொடுங்கள், எங்கள் கமடோர் 64 கணினி வாங்கினால் 100 டாலர் ரிபேட் என்றது. உடனே சில கடைக்காரர்கள் டைமெக்ஸ் சின்க்ளேர் 1000 என்ற குட்டிக் கணினியை 10 டாலருக்குச் சேர்த்து விற்றார்கள். வாங்கியவர் அதைக் கமடோருக்கு அனுப்பி 100 டாலர் வாங்கிக்கொண்டார். அறிவித்தவனைவிட வாங்குபவன் விவரமானவன்!

அண்ணா, சேகா கம்பெனி தன் ட்ரீம்காஸ்ட் கன்சோலை சும்மாவே கொடுத்ததா?

சும்மா எங்கே தம்பி. 2000-ல் சேகாவின் சேகாநெட் இணையச் சேவைக்கு நீண்டகால ஒப்பந்தம் போட்டால் 200 டாலர் ரிபேட். மாதக் கட்டணம் 21.95 டாலர், பத்தே மாதத்தில் அந்த 200 சேகாவுக்குத் திரும்பிவிடும். ஆனால் இணையத்துக்கு மாதா மாதம் கட்டத் தயாராக இருந்தவர்கள் அன்று எத்தனை பேர்? கடைசியில் 199 டாலர் பெட்டியை 149-க்கும், 2001 பிப்ரவரியில் 99-க்கும் இறக்கவேண்டி வந்தது. அதற்குள் மார்ச் மாதத்தோடு உற்பத்தி நிற்கும் என்று சேகாவே அறிவித்துவிட்டது. செத்த பிறகு வைத்தியம்.

முந்தாநாள் முழு விலைக்கு வாங்கினவன் வயிறு எரியாதா?

எரியும். அதனால்தான் 2011 ஆகஸ்டில் நின்டெண்டோ தன் கையடக்க கன்சோலான 3டிஎஸ்-ஐ 249.99-லிருந்து 169.99 டாலருக்குக் குறைத்தபோது, முன்னாடியே வாங்கியவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தது. காசாகக் கொடுத்திருந்தால் ஆளுக்கு 80 டாலர் போயிருக்கும். பழைய கேமைக் கொடுப்பதில் கையைவிட்டுப் போவது சொற்பம்.

இப்போது ஏன் இந்த ரிபேட் கண்ணிலேயே படுவதில்லை?

வாடிக்கையாளர் திட்டியது கடைகளுக்குத்தான் விழுந்தது. 2005-ல் பெஸ்ட் பை என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத் தொடர் மெயில்-இன் ரிபேட்டைப் படிப்படியாக விடப்போவதாகச் சொன்னது. அடுத்த வருடம் ஆபீஸ் சாமான் விற்கும் ஆபீஸ்மேக்ஸும் விலகியது. கவுண்டரிலேயே கழிக்கும் தள்ளுபடி அந்த இடத்துக்கு வந்தது. இன்றைய நிலைமை வேறு: 2025 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 5 விலையை அமெரிக்காவில் 50 டாலர் ஏற்றிவிட்டார்கள்.