நுவரெலியாக் கன்று கோண்டாவிலில் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: நுவரெலியாவில் ரோடோடென்ட்ரன் என்ற மலைப் பூச்செடியின் குட்டைக் கன்று ஒன்று வாங்கி, கோண்டாவிலில் எங்கள் முற்றத்தில் நட்டேன். இரண்டு மாதத்தில் தளிரெல்லாம் மஞ்சள். மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போட்டும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, மஞ்சள் இலை ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால், செடிக்கு இரும்புச் சத்து போதவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு அதை வேர் எடுக்கவிடாமல் தடுக்கிறது. இந்தச் செடி கேட்பது 4.5 முதல் 6 வரை பிஎச் (புளிப்பு, கார அளவு; 7-க்குக் கீழே புளிப்பு) உள்ள புளிப்பு மண். நம் யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கல்லில் ஊறி வருவதுதான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதைத்தான் தினமும் செடிக்கும் ஊற்றுகிறீர்கள். சாம்பலும் காரம், உடனே நிறுத்துங்கள்.

கன்றை நிலத்தில் விடாதீர்கள். வேர் ஆழமாகப் போகாது, மயிர்போல மேலாகவே பரவும். அதனால் மண்கட்டியோடு சுற்றித் தோண்டி, ஒட்டிய செம்மண்ணை மழைத்தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு, அகலமான சாடிக்கு மாற்றுங்கள். மழைத்தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி உப்புப் போக்கிய தும்புத்தூளும் நன்றாக மக்கிய இலைக்குப்பையும் சரிபாதி போதும். கடற்கரை மணல் சேர்க்க வேண்டாம், அதில் சிப்பித்தூள் இருக்கும். அடித்தண்டை மூடிப் புதைக்கவும் கூடாது.

இனி மழைத்தண்ணீர் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் கூரைப் பீலித் தண்ணீரைப் பிளாஸ்டிக் தாங்கியில் பிடித்து வையுங்கள். புதுச் சீமெந்துத் தொட்டி என்றால் அதிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். மதிலின் கிழக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் படுகிற, சோளகக் காற்று அடிக்காத இடத்தில் சாடியை வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே ஹோர்ட்டன் சமவெளியில் இதன் இனமான காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூக்கிறது. அங்கே இரவுக் குளிர் எலும்பைத் தொடும். இங்கே அந்தக் குளிர் கிடையாது. இலை பச்சைக்குத் திரும்பலாம், பூவை நம்பியிருக்காதீர்கள். முற்றம் நிறையப் பூ வேண்டுமென்றால் கடதாசிப்பூவைக் கத்தரித்துக் குட்டையாக வளருங்கள். அது சுண்ணாம்பு மண்ணுக்கு அஞ்சாது.

இன்னொன்று, வீட்டில் ஆடு நிற்குமானால் சாடியை அதற்கு எட்டாமல் வையுங்கள். இந்த இலை ஆட்டுக்கு நஞ்சு. கத்தரித்த கொப்புகளையும் வேலியோரம் வீசாமல் புதைத்துவிடுங்கள்.