மறியலுக்குப் போய் வந்தவனிடம் கேளுங்கள்

போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, பெயர் போடாமல் துண்டுக் கடுதாசியில் கேள்வி எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தோம். நான் போதகரும் இல்லை, டாக்டரும் இல்லை. ஹெரோயினில் 9 வருடம், மறியலில், அதாவது சிறையில், 3 வருடம், தூளை விட்டு வெளியே வந்து 11 வருடம். இப்போது திருகோணமலை திருக்கடலூரில் அப்பாவோடு கடலுக்குப் போகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகன் அடுத்த மாதம் வெளியே வருகிறான். உள்ளே இயேசுவை ஏற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறான். நம்பலாமா? (உப்புவெளி, ஒரு தாய்)

நம்புங்கள் அம்மா. அலுமாரித் திறப்பை மட்டும் உங்களிடமே வைத்திருங்கள். நான் முதலில் ஜெபக் கூட்டத்துக்குப் போனது பிளேன்ரீக்கும் பிஸ்கட்டுக்கும்தான். எந்த நாளில் அது வசனத்துக்காகப் போவதாக மாறியது என்று எனக்கே தெரியாது. கூட்டம் நடத்த வந்த ஒரு வயதான ஐயா, பாவம், நரகம் என்று ஒன்றும் சொல்லாமல், "அம்மாவுக்குக் கடிதம் போட்டீரா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு முழுக்க அழுதேன்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. மகன் எடுத்தது ஹெரோயின் என்றால், வெளியே வந்த முதல் இரண்டு கிழமைதான் மிக ஆபத்தானது. எடுக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய கூட்டாளி "ஒருக்கா மட்டும்" என்று நீட்டுவான், முன்பு எடுத்த அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடும். அந்த நாட்களில் தனியே விடாதீர்கள், கையில் காசு கொடுக்காதீர்கள். எழுப்பினாலும் எழும்பாமல், மூச்சு இழுத்து இழுத்து வந்து, உதடு நீலம் பாரித்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஜெபத்தை அடித்துக்கொண்டே செய்யலாம்.

அப்பா தினமும் கசிப்பு (கள்ளச் சாராயம்) குடிக்கிறார். உபவாச ஜெபத்தில் வைத்து ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்கிறார்கள். (பாலையூற்று)

வேண்டாம் தங்கச்சி. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று விட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். சிலர் செத்தும் போகிறார்கள். அதைப் பிசாசு என்று நினைத்துக் கட்டிப்போட்ட ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். முதலில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மருந்தோடு படிப்படியாக நிறுத்துவார்கள். உபவாசம் நீங்கள் இருங்கள், அவர் சாப்பிடட்டும். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே.

கையில் பச்சை குத்தியிருக்கிறேன். அழித்தால்தான் ஞானஸ்நானமா?

இல்லை. வேலை கேட்கப் போகும்போது நீளக் கை சேட்டுப் போடுங்கள், போதும்.

அக்காவின் நகையை அடகு வைத்து மூழ்கிப்போனது. கர்த்தர் மன்னித்துவிட்டார். பழையவை ஒழிந்துபோயின அல்லவா, இன்னும் ஏன் அந்தக் கதை? (சீனக்குடா)

அந்த வசனத்தை அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். பதில் விளக்குமாறால் வரும்.

லூக்கா 19இல் சகேயுவிடம் இயேசு காசைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், அவ்வளவுதான். நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழும்பிச் சொன்னது சகேயு.

நான் விற்றது அப்பாவின் வள்ளத்து எஞ்சின். அவர் மறுபடி கூலிக்குப் போனார், 50 வயதில். வெளியே வந்ததும் மாதம் 2,000 என்று அம்மா கையில் கொடுக்கத் தொடங்கினேன். சில மாதம் 500தான் இருந்தது, அதையும் கொடுத்தேன். அப்பா வாங்கி வைப்பார், முகம் பார்க்க மாட்டார். கோபம் வந்தது எனக்கு, உண்மையைச் சொல்கிறேன். கர்த்தரே மன்னித்துவிட்டார், இவருக்கு என்ன என்று. நாலாவது வருடம், கடனுக்கு ஒரு பழைய எஞ்சின் எடுத்த பிறகு, ஒரு விடியக் காலை, "தம்பி, பெற்றோல் கானைத் தூக்கு" என்றார். மன்னிப்பு என்ற சொல் இன்றுவரை எங்கள் வீட்டில் வரவில்லை.

அக்காவிடம் போங்கள். முதலில் தொகையைச் சொல்லுங்கள், பிறகு வசனம்.

நாங்கள் கோணேசர் கோயிலுக்குப் போகும் குடும்பம். மதம் மாறினால்தான் பிள்ளை திருந்துமா? (உவர்மலை)

இல்லை அம்மா. என்னைத் தூக்கியெடுத்தது இயேசு, அதை எங்கேயும் மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் பிள்ளையின் துன்பத்தில் தூண்டில் போடவும் மாட்டேன். என்னோடு உள்ளே இருந்த சைவப் பொடியனும் முஸ்லிம் பொடியனும் விட்டிருக்கிறார்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அடித்துப் பேசுங்கள். பிள்ளை தானாக வந்து என் கதையைக் கேட்டால் சொல்வேன்.

வெளியே வந்து நாலு மாதம். சபை சபையாகச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

ஒரு வருடம் போகாதே தம்பி. பவுலே மனம் திரும்பியதும் அரேபியாவுக்குப் போய், மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேமுக்கு வந்ததாகக் கலாத்தியரில் எழுதுகிறார்.

மேடையில் கதை தானாக வளரும். நான் பிடிபட்டது ஒரு கிராமுக்கும் குறைவு. மூதூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் அது 5 கிராம் ஆகிவிட்டது. 2 கிராம் ஹெரோயினுக்கே 1984 போதைப்பொருள் திருத்தச் சட்டப்படி மரண தண்டனை அல்லது ஆயுள், அந்தக் கணக்கில் நான் இன்னும் உள்ளேதான் இருக்கவேண்டும். ஒருவரும் யோசிக்கவில்லை, கைதட்டினார்கள். இறங்கும்போது நெஞ்சு அடித்த அடி, தூள் எடுக்கப் போகும்போது அடிக்குமே, அதே அடி. அப்புறம் இரண்டு வருடம் மேடைப் பக்கம் போகவில்லை.

எட்டு மாதம் எடுக்காமல் இருந்தேன். போன கிழமை ஐஸ் போதைப்பொருள் எடுத்துவிட்டேன். சபைக்கு வர முகமில்லை.

இந்தத் துண்டு பெட்டியில் கிடந்தது என்றால் நீ அன்று சபையில்தான் இருந்திருக்கிறாய்.

ஐஸ் விட்ட பிறகு சில நாள் உறக்கமாக வரும், மனம் இருண்டு செத்துப்போகலாம் போலிருக்கும். அப்படி வந்தால் தனியே இராதே, 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடு, அல்லது என் வீட்டுக் கதவைத் தட்டு. தன்னை மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்கும் இயேசு கடற்கரையில் மீன் சுட்டு வைத்து, சாப்பிட வா என்றுதான் கூப்பிட்டார்.

நாளை விடிய எங்கள் வள்ளம் கரைக்கு வரும். வலையில் மீன் கழற்ற ஒரு ஆள் குறைவு. வா.