நாலு தடவை படித்தும் நிற்கவில்லையே!

கேள்வி: எனக்கு 34 வயது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். விடியற்காலையில் எழுந்து ஒரு பாடத்தை மூன்று, நான்கு தடவை வாசிக்கிறேன். அப்போது எல்லாமே தெரிகிற மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் கழித்து மாதிரித் தேர்வில் பாதிகூட நினைவுக்கு வருவதில்லை. 'உனக்கு ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்று கணவர் கேலி செய்கிறார். ஞாபகசக்தி மாத்திரை வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரை வேண்டாம். அந்தப் பணத்தில் பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்றை வாங்குங்கள்.

கணவர் சொல்லும் நோயும் உங்களுக்கு இல்லை. குறுகிய கால நினைவு என்பது எல்லோருக்குமே சில விநாடிச் சமாச்சாரம்தான். 1959-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பீட்டர்சன் தம்பதி, மாணவர்களிடம் மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொன்னார்கள். அவற்றை மனதுக்குள் சொல்லிப் பார்க்க முடியாதபடி, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணவும் வைத்தார்கள். 18 விநாடியில் பெரும்பாலும் எல்லாம் போய்விட்டது! உங்களுக்கோ ஒரு வாரம் கழித்தும் கொஞ்சம் மிஞ்சுகிறதே, அது நீண்ட கால நினைவுக்குள் போய்ச் சேர்ந்ததுதான்.

சிக்கல் அந்த 'தெரிகிற மாதிரி' இருப்பதில் இருக்கிறது. திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழக்கமாகிவிடுகின்றன. பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை படித்த பிறகு, சில பத்திகளைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றவற்றை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்ததில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ்: படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. இத்தனைக்கும் எழுதியவர்களுக்கு விடை சரியா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அதனால் வேலூர்ப் புரட்சிப் பாடத்தை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள், போதும். புத்தகத்தை மூடிவிட்டு, பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்த மாதம், சிப்பாய்கள் எதற்குக் கொதித்தார்கள்? 1806 ஜூலை வந்துவிடும்; புதுத் தலைப்பாகை விவகாரம் தொண்டையிலேயே நிற்கும். உடனே பக்கத்தைப் புரட்டாதீர்கள். கொஞ்ச நேரம் முட்டி மோதுங்கள், அப்புறம் பாருங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். 'ஒன்றுமே ஏறவில்லை' என்றுகூடத் தோன்றும். அதை நம்பி மறுபடி வாசிப்புக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அதே கேள்விகளை இரண்டு நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சமைக்கும்போது வாய்விட்டுச் சொன்னாலும் சரிதான். தவறியவற்றை மட்டும் தனித்தாளில் குறித்து வையுங்கள். மாதிரித் தேர்வுக்கு முந்தைய நாள் முழுப் பாடத்தையும் புரட்ட வேண்டாம், அந்தத் தாள் போதும்.