பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: டிசம்பர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸைத் தொட்டவை. அவற்றில் பலவற்றின் கடைசி வரி ஒன்றேதான்: "பண்டிகை முடிந்ததும் டாக்டரைப் பார்த்தால் போதுமா?" சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை என்ற மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள்.

எனக்கு வயது 63. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு 2 மி.கி. காலையிலும், மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளையும் சாப்பிடுகிறேன். 25-ம் தேதி கேக், பிரியாணி எதையும் தவிர்க்க முடியாது. அன்று மட்டும் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளலாமா? - வாசகர், பாளையங்கோட்டை

பெயரும் அளவும் எழுதியதற்கு நன்றி. இரட்டிப்பு வேண்டாம். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். உங்கள் ஊரில் பண்டிகை ஆராதனை அதிகாலையில். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போய், ஆராதனை முடிந்து எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, வீட்டுக்கு வந்து இட்லியில் கை வைக்க எட்டு மணி ஆகிவிடும். அதற்குள் வியர்த்து, கை நடுங்கி, கோயிலிலேயே மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். மாத்திரை காலை உணவோடுதான். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

கேக் ஒரு துண்டு சாப்பிடுங்கள், அன்று மதியம் சோற்றைக் குறையுங்கள். 'சுகர் ஃப்ரீ' கேக்கிலும் மைதா இருக்கிறது, அதுவும் சர்க்கரையை ஏற்றும். மறுநாள் காலை 200 காட்டினால் பதறி மாத்திரையைக் கூட்டாதீர்கள். 300-ஐத் தாண்டினாலோ, கூடவே வாந்தி இருந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

என் மகனுக்கு 14 வயது. டெங்கு என்று உறுதியாகி நான்காவது நாள். இன்று காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. கேரல் ரவுண்ட்ஸ் போகத் துடிக்கிறான். அனுப்பலாமா? - வாசகி, தூத்துக்குடி

இவருக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அனுப்பக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இறங்கியதிலிருந்து ஒன்றிரண்டு நாள் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், பிள்ளை சோர்ந்து படுத்தே கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவு 12 மணியானாலும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவைக் கூட்டும்.

இன்னொன்று. குடிலில் குளம் வைக்கிறீர்கள், ஆறு ஓடவிடுகிறீர்கள், முளைவிட்ட கேழ்வரகுத் தட்டுகளில் தண்ணீர் தேங்க விடுகிறீர்கள். மூன்று ராஜாக்கள் திருவிழாவரை, அதாவது ஜனவரி 6 வரை, குடிலைக் கலைப்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும், அதற்குச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். குளத்துக்குக் கண்ணாடித் துண்டு வையுங்கள். தண்ணீர்தான் வேண்டும் என்றால் வாரம் இருமுறை கொட்டிவிட்டுப் பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ராத்திரி ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் செய்த திராட்சை ஒயின் ஒரு டம்ளர் குடித்தால் ஏதாவது செய்யுமா? - வாசகர், மதுரை

உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான். அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள். அதுவரை குடிக்காதீர்கள்.

பிறந்து 25 நாளான பேத்தியை நள்ளிரவுத் திருப்பலிக்குத் தூக்கிப்போகலாமா? வெளியூரிலிருந்து சொந்தங்கள் எல்லாம் பார்க்க வருகிறார்கள். - வாசகி, திருச்சி

கோயிலுக்கு வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்கள் வரட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடட்டும். சளி, இருமல், உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். யாராக இருந்தாலும் முத்தம் வேண்டாம். பெரியவர்களுக்கு வெறும் மூக்கடைப்பாக இருக்கும் வைரஸ், ஒரு மாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறும். சொல்லத் தாயால் முடியாது, மாமியார் வீட்டாரிடம் எப்படிச் சொல்வாள்? பாட்டியான நீங்கள்தான் வாசலிலேயே சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை, நேரே குழந்தை மருத்துவர். நாக்கில் தேன் தொட்டு வைக்கிற வழக்கமும் ஒரு வயது வரை கூடாது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மாரடைப்பு அதிகம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா? - வாசகர், சென்னை

அடிப்படை உண்மைதான். ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான ஏறக்குறைய 2.8 லட்சம் மாரடைப்புகளை அலசி, 2018-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸ் நாட்களில் 15 சதவீதம் அதிகம். 24-ம் தேதி மட்டும் 37 சதவீதம் அதிகம், அதிலும் இரவு பத்து மணி வாக்கில் உச்சம். 75 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் பாதிப்பு கூடுதல். அது குளிர் தேசம். அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த மாட்டேன்.

ஆனால் நம் வீடுகளில் நான் பார்ப்பது வேறொன்று. நெஞ்சை அழுத்தும், இடது கை கனக்கும், வியர்க்கும். பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கும் நாளில் கலாட்டா வேண்டாம் என்று அப்பா வாயே திறக்க மாட்டார். கேக் சாப்பிட்ட வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். 20 நிமிடம் தாண்டி நெஞ்சு அழுத்தினால் அது வாயு இல்லை என்றே எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகள் அங்கேயே இருக்கின்றன.

என் பேரனுக்கு இரண்டு வயது. மின்னும் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மையிலிருந்த பட்டன் பேட்டரியைக் காணோம். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம். வாழைப்பழம் கொடுத்தோம். நன்றாக விளையாடுகிறான். எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்? - வாசகர், மார்த்தாண்டம்

நாள் கணக்கா? ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது! கடிதத்தில் இருந்த எண்ணுக்கு உடனே கூப்பிட்டு, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். பேட்டரி குடலுக்கு இறங்கியிருந்தது, பிள்ளை தப்பினான். அது வாழைப்பழத்தால் அல்ல. தொண்டையைத் தாண்டி உணவுக்குழாயில் மாட்டாமல் போனது அவன் அதிர்ஷ்டம்.

இதை ஒவ்வொரு டிசம்பரிலும் எழுதுகிறேன், எழுதிக்கொண்டேதான் இருப்பேன். காசை விழுங்கினால் பழம் கொடுத்துக் காத்திருந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அத்தையும் சித்தியும் பேட்டரிக்கும் அதே யோசனையைச் சொல்கிறார்கள். காசு வேறு, பேட்டரி வேறு. உணவுக்குழாயின் ஈரச் சுவரில் பேட்டரி ஒட்டியதும் அதன் வழியே மின்சாரம் ஓடுகிறது. அந்த இடத்தில் சதையை அரிக்கும் கடுங்காரம் (ஆல்கலி) உருவாகிறது. பேட்டரி உடைந்து ஒழுக வேண்டியதே இல்லை. இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துபோகும். பொம்மையை மின்ன வைக்கச் சக்தியில்லாத பழைய பேட்டரியிலும் உணவுக்குழாயைச் சுடும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும்.

இதில் மோசமானது சி.ஆர். 2032 வகை. 20 என்பது அதன் விட்டம், 20 மில்லிமீட்டர். 32 என்பது கனம், 3.2 மில்லிமீட்டர். இரண்டு வயதுப் பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்குவதற்கு என்றே அளவெடுத்த மாதிரி இருக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் மெழுகுவர்த்தி, குடிலுக்குள் வைக்கிற குட்டி விளக்கு என இந்த மாதத்தில் பட்டன் பேட்டரி இல்லாத சாமான் குறைவு. திருகு போட்டு மூடாத, நகத்தால் நெம்பினாலே திறக்கிற மூடியோடு இவற்றைக் குழந்தைகளுக்கு என்று கூசாமல் விற்கிறார்கள். விலை ஐம்பது ரூபாய் என்பதால் நாமும் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம். வாங்கும்போது மூடியைத் திருப்பிப் பாருங்கள். திருகு இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் இருக்கலாம். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல், நெஞ்சைக் காட்டி அழுவது, இவ்வளவுதான் தெரியும். சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் காசு ஒரே வட்டமாகவும், பேட்டரி வட்டத்துக்குள் வட்டமாகவும் தெரியும். உணவுக்குழாயில் இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக உடனே எடுக்க வேண்டும். அந்த வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். தெற்கே என்றால் ஆசாரிபள்ளம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைகள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பழம், சோற்று உருண்டை எதுவும் கூடாது. பிள்ளைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு தடவை. தேன் அந்தக் காரத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அவ்வளவுதான், அது வைத்தியம் ஆகாது. வீட்டில் தேன் இல்லையென்றால் கடை தேடி அலையாமல் வண்டியை எடுங்கள்.

எடுத்த பிறகும் சில வாரங்களுக்குக் கவனம் வேண்டும். வெந்த இடம் பக்கத்து ரத்தக் குழாய்வரை அரித்துக்கொண்டு போகலாம். வாந்தியில் துளி ரத்தமோ, கறுத்த மலமோ தெரிந்தால் திரும்ப ஓடுங்கள். மூக்குக்குள் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து விடக் கூடாது. தீர்ந்த பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட்டே குப்பையில் போடுங்கள்.

துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த இருமல் சிரப் எங்கள் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கிறது. மூன்று வயது மகளுக்கும் கொடுக்கலாமா? - வாசகி, நாகர்கோவில்

சிரப்பின் பெயர் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பதில் மாறாது, கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாக இருமல் மருந்து வேண்டாம் என்பதே மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபது குழந்தைகளுக்கு மேல் இறந்தது, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்ததால்தான். அதற்குள்ளாகவா மறந்துவிட்டோம்? படுக்கும்போது அரை ஸ்பூன் தேன், அடிக்கடி வெதுவெதுப்பான நீர், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு போதும். மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு இடையே குழி விழுந்தால் மருத்துவமனை. ஆவி பிடிக்க வைக்காதீர்கள், வெந்நீர் கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் ஏராளம்.

அச்சுமுறுக்கு சுடும்போது கையில் எண்ணெய் தெறித்தால் பேஸ்ட் தடவலாமா? - வாசகி, கோவை

கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். உள்ளங்கையை விடப் பெரிய காயம், முகம், மூட்டு என்றால் மருத்துவரிடம்.

அம்மா ஆகஸ்டில் இறந்தார். இந்த வருடம் ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் இல்லை. அப்பாவுக்கு 71 வயது. தூங்குவதில்லை, சாப்பாடு பாதி. "நானும் போய்விட்டால் நல்லது" என்கிறார். துக்கம் தானாகத் தீருமா? - வாசகர், திண்டுக்கல்

துக்கம் மெல்ல ஆறும், அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். "அப்பா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சி மருந்து, மிச்சமிருக்கும் தூக்க மாத்திரைகள் எதுவும் அவர் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், 'ஜனவரி பிறக்கட்டும்' வேண்டாம். நடுராத்திரியிலும் 14416-ஐக் கூப்பிடலாம், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். எடையும் குறைந்திருந்தால் சர்க்கரை, தைராய்டு பரிசோதனையும் செய்யுங்கள். ஸ்டார் கட்டாவிட்டால் பரவாயில்லை. 25-ம் தேதி மதியம் அவரைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட விடாதீர்கள். அம்மாவைப் பற்றிப் பேச்சை மாற்றாதீர்கள், அவர் பேசட்டும்.

ஃப்ளூ தடுப்பூசி இப்போது போட்டால் கிறிஸ்துமஸுக்குப் பலன் உண்டா? - வாசகர், வேலூர்

பலன் வர இரண்டு வாரம் ஆகும். பொங்கலுக்கு உதவும், போடுங்கள். வருடா வருடம் போட வேண்டும்.

26-ம் தேதி மிச்சப் பிரியாணி சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். எப்படிக் கலக்குவது? - வாசகி, சேலம்

முதலில் பிரியாணியை இரவு முழுக்க அண்டாவிலேயே விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்த சோற்றில் உருவாகும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டர்தான். அரை டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தால் உப்பு ஏறி ஆபத்தாகும். பழச்சாறு டப்பாக்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடுவதற்கு 2025 அக்டோபரில் தடை வந்தது. பழைய சரக்கு இன்னும் கடையில் கிடக்கலாம். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்ட பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.