குரூப் 4க்கு சீனியர் நோட்ஸ் 1,500 ரூபாய்: வாங்கலாமா?

வணக்கம் தோழி. போன டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 தேர்வில் தேறிய அக்கா கையெழுத்து நோட்ஸை 1,500 ரூபாய்க்குத் தருகிறார், அதை வாங்கவா, கடையில் கைடு வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் பாடநூல்கள் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசம். முதலில் அதைப் படியுங்கள்.

200 கேள்வியில் 100 தமிழ்ப் பகுதி. அந்தப் பகுதிக்கு 150 மதிப்பெண்; அதில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளையே திருத்த மாட்டார்கள். அந்த அக்கா தமிழுக்கு மட்டும் தனி நோட்டு வைத்திருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள், மற்றதை விடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் நாலு பக்கம் போட்டோ வாங்கி, பாடநூலோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, சங்க நூல்களில் சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் நத்தத்தனார், பெரும்பாணாற்றுப்படையை எழுதியவர் உருத்திரங்கண்ணனார். அவசரத்தில் நோட்ஸ் எழுதும்போது இந்தப் பெயர்கள் இடம் மாறிவிடும், பிறகு அந்தத் தப்பு உங்கள் மனதில் பதிந்துவிடும். பதிப்பகக் கைடிலும் பிழை உண்டு; 2018க்கு முந்தைய பழைய பாடத்தையே அட்டை மாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் நோட்ஸைப் பின்னாளில் விற்கும் யோசனையும் சொன்னீர்கள். சொந்த நடையில் எழுதியது என்றால் தாராளமாக விற்கலாம். கோச்சிங் சென்டர் மெட்டீரியலை நகலெடுத்து விற்றால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அக்காவிடமும் இதைக் கேட்டுவிடுங்கள்.