மூடிய பாரை வீடாக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டுக் கிராமமொன்றில் மூடிய மது பார் கட்டடத்தை நான்கு வாடகை வீடாக்கப் போகிறோம். சாக்கடை ஊர்க் கிணற்றைக் கெடுக்கும் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: ஊரார் பயம் வீண் இல்லை. 16 பேர் என்றால், ஆளுக்கு 135 லிட்டர் வீதம் தினம் 2,160 லிட்டர் புழங்கும். பழைய செப்டிக் டேங்க் திணறும். கசடு நீரோடு வெளியேறி, டேங்க் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியை அடைத்துவிடும். 2.3 மீட்டர் நீளம், 1.1 அகலம், 1.8 நீர் ஆழத்தில் புது டேங்க் கட்டுங்கள். உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். இந்த அளவுகளை வரைபடமாக்கி ஊராரிடம் காட்டுங்கள், வாய்ப்பேச்சு எடுபடாது.

பார் கூடத்தை அப்படியே தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்தால் நடு அறைகளுக்கு ஜன்னல் கிடைக்காது. மலைப் பனிக்குப் பூஞ்சை பூக்கும். பயன்பாட்டு மாற்ற அனுமதி வாங்கிய பிறகே சுவரை இடியுங்கள். வணிக மின் இணைப்பையும் வீட்டுக்கு மாற்றணும்.