நேத்ராவின் படகும் நம் பிள்ளைகளின் படகும்: வாசகர் கேள்வி பதில்

என் மகளுக்கு 13 வயது. ஆப்டிமிஸ்ட் படகு ஓட்டுகிறாள். சென்னைப் பெண் நேத்ரா குமணன் மாதிரி ஒலிம்பிக் போக வேண்டும் என்கிறாள். அவர் எப்படிப் போனார்? இவளுக்கு அடுத்த படகு எது?
*வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு*

நேத்ரா பிறந்தது 1997இல். பள்ளி வயதில் சென்னையில் ஒரு கோடை முகாமில் படகைத் தொட்டவர், 2014, 2018 ஆசிய விளையாட்டுகளில் ஓட்டினார். 2020இல் மயாமி உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் டோக்கியோவுக்குத் தகுதி கிடைத்தது. பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். டோக்கியோவில் 44 பேரில் 35ஆம் இடம். 2024 ஏப்ரலில் பிரான்சின் இயேரில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில் தேறி, பாரிஸ் ஒலிம்பிக்கில் (படகோட்டம் நடந்தது மார்செயில்) 43 பேரில் 21ஆம் இடம். 35 என்பது 21 ஆக மூன்று ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. மகளிடம் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசுங்கள்.

அவர் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் பல காலம் பயிற்சி எடுத்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய ஐஎல்சிஏ போன்ற ஒற்றை ஆள் படகில் தனியாக ஓடினால் உங்கள் வேகம் உங்களுக்கே தெரியாது. அதே படகு, அதே பாய், உங்களைவிடக் கெட்டிக்கார ஆள் பக்கத்தில் ஓடும்போதுதான் கயிற்றை இரண்டு விரல் அளவு இழுத்ததால் முன்னேறினோமா பின்தங்கினோமா என்பது புரியும். இங்கே அந்த வசதி லங்காவியில் உள்ள தேசியப் பயிற்சி மையத்தில் இருக்கிறது. டோக்கியோவிலும் பாரிசிலும் மலேசியாவுக்காக ஓட்டிய நூர் ஷஸ்ரின், கைருல்நிசாம் அஃபெண்டி இருவரின் படகும் இதே வகைதான்.

அடுத்த படகுக்கு வருவோம். ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. 15 வயது நிறையும் ஆண்டு வரை அதில் போட்டியிடலாம். அதன்பின் ஐஎல்சிஏ, அதாவது பழைய பெயரில் லேசர். அதில் 4, 6, 7 என மூன்று வகை உண்டு. உடல் ஒன்றுதான், ஏறக்குறைய 4.2 மீட்டர் நீளமும் 59 கிலோ எடையும். பாய்மரத்தின் கீழ்த்துண்டும் பாயும் மட்டும் மாறும். ஐஎல்சிஏ 4இன் பாய் 4.7 சதுர மீட்டர், 6இன் பாய் 5.76, 7இன் பாய் 7.06. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 7.

"ஒலிம்பிக் படகு 6தானே, அதிலேயே ஆரம்பிக்கட்டும்" என்று அவசரப்படாதீர்கள். 45 கிலோ பிள்ளையால் அந்தப் பாயைத் தாங்க முடியாது. காற்று கூடியதும் படகு சாயும், சுக்கான் கையை இழுக்கும், பிள்ளை பாயைத் தளர்த்திவிடும். படகு காற்றை எதிர்த்து ஏறாமல் பக்கவாட்டில் நழுவும். ஒரு வருடம் அப்படியே ஓட்டினால் பாயைத் தளர்த்துவதுதான் படகோட்டம் என்று கை பழகிவிடும். 50 கிலோவைத் தாண்டும் வரை 4 போதும்.

மகன் சுக்மா விளையாட்டுப் போட்டிக்குத் தயாராகிறான். போன மாதப் போட்டியில் மூன்று ரேஸில் முதலாவதாக வந்தான். மொத்தக் கணக்கில் அவனுக்கு மேலே இருந்த பையனோ ஒன்றில்கூட முதலாவது வரவில்லை. இது என்ன நியாயம்?
*வாசகர், செந்தூல், கோலாலம்பூர்*

நியாயம்தான். இந்த விளையாட்டில் குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர். முதல் இடத்துக்கு 1, இரண்டுக்கு 2, இருபதுக்கு 20. பத்து ரேஸ் என்றால் மிக மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள்.

43 படகுகள் ஓடும் போட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 8, 9, 7, 10, 6, 9, 8, 11, 7, 12. கூட்டினால் 87, அந்தப் 12ஐக் கழித்தால் 75. இன்னொருவர் 1, 2, 1, 3, 2, 30, 1, 38, 2, கடைசியில் கறுப்புக் கொடித் தகுதிநீக்கம். தகுதிநீக்கத்துக்குப் படகு எண்ணிக்கையோடு ஒன்று, அதாவது 44 புள்ளி. கூட்டினால் 124, 44ஐக் கழித்தாலும் 80. மூன்று முறை முதலாவது வந்தவர் ஐந்து புள்ளி பின்னால் நிற்கிறார். ஒரு தகுதிநீக்கத்தைக் கழித்துவிடலாம். அதற்கு மேல் அந்த 30க்கும் 38க்கும் மன்னிப்பு கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் பத்துப் பேருக்கு நடந்த பதக்க ஓட்டத்தில் புள்ளி இரட்டிப்பானது, அதைக் கழிக்கவும் முடியவில்லை.

ஆகவே மகனின் வெற்றிகளை விட்டுவிட்டு அந்தப் பெரிய எண்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். பெரும்பாலும் தொடக்கக் கோட்டிலிருந்துதான் வரும். தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, நான்கில் தயார்க் கொடி, ஒரு நிமிடத்தில் தயார்க் கொடி இறங்கும். தயார்க் கொடி கறுப்பாக இருந்தால், அந்தக் கடைசி நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் மூக்கை நீட்டினாலே ரேஸ் போச்சு. பினாங்குக் கால்வாயில் நீரோட்டம் கோட்டை நோக்கித் தள்ளும் நேரங்களில் பிள்ளைகள் சிக்குவது இதில்தான். தொடங்குவதற்குமுன் கோட்டருகே பாயைத் தளர்த்திவிட்டு 30 விநாடி சும்மா நின்று, படகு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய லேசர் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? மேல்மரம் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
*வாசகர், பட்டர்வொர்த்*

முதலில் பாய்மரம் நிற்கும் குழியைப் பாருங்கள். இந்தப் படகில் மரத்தைத் தாங்க கம்பிவடம் எதுவும் இல்லை. முழு பாரமும் அந்தக் குழியில்தான். நல்ல தண்ணீரை மேல்தளம் வரை ஊற்றி, பென்சிலால் கோடு போட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் தண்ணீர் படகின் வயிற்றுக்குள் போகிறது என்று அர்த்தம். விற்பவர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். குழியைச் சுற்றி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் தளத்தின் அடுக்குகள் பிரிந்துவிட்டன. பின்பக்க அடைப்பானைக் கழற்றி, முன்பக்கத்தைத் தூக்கி, தண்ணீர் வடிகிறதா என்றும் பாருங்கள்.

குழி தேய்வதற்கு நம் கடற்கரை மணலே காரணம். பாயோடு சேர்ந்து மரமும் திரும்பும். அடியில் மணல் இருந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் குழியைக் கழுவி, ஸ்பஞ்சால் ஒற்றி எடுத்த பிறகே மரத்தை நாட்டுங்கள்.

மேல்மரம் உடைவது உண்மைதான், அதுவும் அலுமினிய மரத்தில். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் வளையத்தை ஒரு ரிவெட்டு பிடித்திருக்கும். அந்தத் துளையில் உப்பு தங்கி அரிக்கும். காற்றில் மரம் வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் நெருக்கப்படும். துளை முன்பக்கம் இருந்தால் விரிசல் அங்கே தொடங்கும். ரிவெட்டு படகின் பின்புறத்தைப் பார்க்கும்படி செருகுங்கள். ஓட்டி முடித்ததும் இரண்டு துண்டையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். இரவு முழுக்கச் செருகியே வைத்தால் மறுநாள் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

வெயிலில் நிறுத்தும்போது அடைப்பானைத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று சூடாகி விரிந்தால் ஓரத்து ஒட்டுகள் விடும். மறுபடி மூட மறக்காதீர்கள். அது வேறு கதை.

தஞ்சோங் தோக்கோங் பக்கம் ஓட்டும்போது படகு கவிழ்ந்து, மரம் சேற்றில் குத்தி நின்றுவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?
*வாசகர், ஆயர் ஈத்தாம்*

மரத்தின் உயரம் ஏறக்குறைய 6 மீட்டர். கடல் வற்றும் நேரத்தில் நம் கரையோரம் அவ்வளவு ஆழம் இருக்காது. படகு முழுக்கத் தலைகீழானால் மரத்தின் நுனி சேற்றைத் தொட்டே தீரும். எனவே தலைகீழாகவே விடக்கூடாது. பக்கவாட்டில் சாய்ந்த அந்தச் சில விநாடிக்குள் படகின் அடியில் நீட்டியிருக்கும் பலகைக்கு, அதாவது டாகர்போர்டுக்குப் போய்விட வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் நீந்திப் போவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

குத்திவிட்டால் போர்டின் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். அடிக்கும் ஒவ்வொரு குதியும் மரத்தை இன்னும் ஆழமாக இறக்கும், அல்லது உடைக்கும். மெயின்ஷீட்டையும் (பாயை இழுக்கும் கயிறு) வாங் கயிற்றையும் (பாயின் அடிக்கட்டையைக் கீழே இழுப்பது) முழுக்கத் தளர்த்துங்கள். படகின் மேலிருந்து இறங்கி, பிடித்தபடி தண்ணீரில் இருங்கள். மீட்புப் படகு முன்மூக்கைப் பிடித்து மெல்ல, விட்டுவிட்டு இழுக்கட்டும். பழகுபவர்களின் மர உச்சியில் ஒரு சிறு மிதவையைக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே பாதி குறையும். மரம் குழியிலிருந்து நழுவாமல் இருக்கக் கட்டும் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள்.

மேற்கே சுவர் மாதிரி கறுத்த மேகம் எழுந்தால் அது சுமத்ராக் காற்று. தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் விடியலையொட்டி வரும். அன்று கவிழ்வதைப் பற்றிய பேச்சே வேண்டாம், கரையேறிவிடுங்கள்.

பதக்க வாய்ப்பை விட்டுவிட்டு சிங்கப்பூர்க்காரர்களைக் காப்பாற்றிய ஒரு படகோட்டியைப் பற்றிச் சொல்கிறார்களே, உண்மையா?
*வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்*

உண்மை. 1988 சியோல் ஒலிம்பிக், படகோட்டம் பூசானில். கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் என்ற ஒற்றை ஆள் படகு வகுப்பில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். காற்று ஏறியது. 470 என்ற இருவர் படகு வகுப்பில் ஓட்டிய சிங்கப்பூர் வீரர்கள் இருவர் கவிழ்ந்து கடலில் கிடந்தார்கள். லெமியூ பாதையை விட்டு விலகி அவர்களை மீட்டு, காவல் படகு வரும்வரை காத்திருந்து, பிறகே ஓட்டத்தைத் தொடர்ந்தார். அந்த ரேஸில் 22ஆவதாக முடித்தவருக்கு நடுவர்கள் இரண்டாம் இடத்தையே தந்தார்கள். பியர் தெ கூபர்தென் பதக்கமும் கிடைத்தது.

ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியைச் செய்ய வேண்டும் என்பதுதான் பந்தய விதிகளில் முதல் விதி. உதவி செய்ததால் இடம் இழந்தவர் ஈடு கேட்கலாம். ஆனால் தானாக வராது. கரையேறியதும், முறையீட்டு நேரம் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் கோட்டைவிடுவது அந்தத் தாளில்தான்.

மகளுக்கு 17 வயது, 57 கிலோ. ஐஎல்சிஏ 6 ஓட்டுகிறாள். முட்டி வலிக்கிறது என்கிறாள். எடையும் ஏற்ற வேண்டுமாம்.
*வாசகி, கிள்ளான்*

இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள். உச்சநிலைப் பெண்கள் பெரும்பாலும் 65 முதல் 70 கிலோவுக்குள் இருப்பார்கள். அந்த எட்டுப் பத்துக் கிலோவை இரண்டு வருடத்தில் தசையாக ஏற்ற வேண்டும். நாசி லெமாக்கை இரட்டிப்பாக்கினால் எடை ஏறும். ஆனால் படகு அதை இழுத்துக்கொண்டு போகும், அது படகை இழுக்காது. முட்டை, மீன், பருப்பு, கூடவே எடைப் பயிற்சி.

வலி எங்கே என்று கேளுங்கள். முட்டிச்சில்லுக்குப் பின்னாலோ கீழேயோ என்றால் உடலை வெளியே சாய்த்துத் தொங்குவதால் வருவது. முன்தொடை ஒரே நிலையில் இறுகிக் கிடப்பதால் ரத்த ஓட்டம் குறைந்து எரியும். முன்தொடை மட்டும் வலுத்து, பின்தொடையும் இடுப்பும் பின்தங்கினால் சில்லு சரியான தடத்தில் ஓடாது. வீட்டில் பெஞ்சில் தொங்கும் பயிற்சியை இரண்டு வாரம் நிறுத்தி, பின்தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுங்கள். கால்பட்டையின் நீளத்தையும் பாருங்கள். தொங்கும்போது படகின் விளிம்பு முட்டிக்குப் பின்னால் வெட்டினால் பட்டை நீளம் என்று அர்த்தம். விளிம்பு தொடையின் நடுவில் படும்வரை இறுக்குங்கள். வீக்கம் இருந்தாலோ, படி இறங்கும்போதும் வலித்தாலோ, அடுத்த போட்டிக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.